காற்புள்ளி செய்யும் கலாட்டா

தகவல் ஃபைலை எங்கே பிரிப்பது என்று கம்ப்யூட்டர் ஊகிக்கிறது. பெரும்பாலும் சரியாக. தவறும்போதுதான் சிக்கல்: சத்தமே வராது.

கிழக்கு தில்லியில் உள்ள மயூர் விஹாரின் முகவரி ஒன்றை எழுதிப் பாருங்கள். பிளாட் எண், பாக்கெட், மயூர் விஹார் ஃபேஸ் 1, தில்லி 110091. மூன்று காற்புள்ளிகள். தபால்காரருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. கம்ப்யூட்டருக்கு உண்டு.

அங்கே ஒரு வீட்டு வசதி சொஸைட்டி தன் உறுப்பினர் பட்டியலை 'சிஎஸ்வி' ஃபைலாகச் சேமிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர், முகவரி, டெலிபோன், பராமரிப்புக் கட்டண பாக்கி என நான்கு கட்டங்கள். இவ்வகை ஃபைலில் கட்டங்களுக்கு இடையிலான வேலி காற்புள்ளிதான். முகவரிக்குள் இருக்கும் மூன்றும் வேலிகளாகிவிட்டால் நான்கு கட்டம் ஏழாகிவிடும். பாக்கித் தொகை இருக்க வேண்டிய நான்காவது கட்டத்தில் 'மயூர் விஹார் ஃபேஸ் 1' வந்து உட்காரும்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. காற்புள்ளி உள்ள தகவலை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும் என்கிறது 2005 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிஎஸ்வி உலகெங்கும் பரவிவிட்டது. ஆளுக்கொரு வழக்கம். மூன்றரையை '3,5' என்று எழுதும் ஜெர்மனியில் வேலியாக அரைப்புள்ளி போடுகிறார்கள். நம் லட்சத்திலோ (1,00,000) இரண்டு காற்புள்ளிகள். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளின் கூட்டமைப்பான ஆம்ஃபி வெளியிடும் யூனிட் மதிப்புப் பட்டியலும் அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டதுதான். நடுநடுவே ஃபண்ட் நிறுவனங்களின் பெயர்கள் தனி வரிகளாக வரும்.

இத்தனை வேலிகளில் எது என்று கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? எண்ணிப் பார்த்துத்தான். காற்புள்ளி ஒரு வரியில் இரண்டு, அடுத்ததில் ஐந்து என்று தாறுமாறாக இருக்கிறது. அரைப்புள்ளி மட்டும் வரிக்கு வரி மாறாமல் மூன்று என்றால், அதுவே வேலி. 2003-ல் வந்த பைத்தான் 2.3 மொழியிலேயே இப்படி மோப்பம் பிடிக்கும் 'ஸ்னிஃபர்' என்ற வசதி இருந்தது. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. எல்லா வரியிலும் 10:30 என்பதுபோல நேரம் இருந்தால் முக்காற்புள்ளியும் வரிக்கு ஒன்று என்று ஒழுங்காக வந்து ஏமாற்றும்.

2019-ல் லண்டனில் உள்ள ஆலன் டூரிங் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இன்னொரு கேள்வியைச் சேர்த்தார்கள். பிரித்த பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் கிடைப்பது அர்த்தமுள்ளதா - எண்ணா, தேதியா, விலாசமா? 'க்ளெவர்சிஎஸ்வி' என்ற இந்த முறை 9,000-க்கு மேற்பட்ட ஃபைல்களில் 97 சதவிகிதத்தைச் சரியாகப் பிரித்தது. மீதி மூன்று சதவிகிதத்தில் உங்கள் பட்டியல் இருக்கலாம்.

வேலி சரியாக அமைந்தாலும் ஊகம் நிற்பதில்லை. 3-12 என்ற வீட்டு எண்ணை எக்ஸெல் தேதியாக்கிவிடும். தில்லியின் 011-ல் தொடங்கும் டெலிபோன் எண்ணை வெறும் எண் என்று எடுத்துக்கொண்டு முதல் பூஜ்யத்தை விழுங்கிவிடும். விஞ்ஞானிகளும் தப்பவில்லை. 'மார்ச்1' என்ற மரபணுவின் பெயர் மார்ச் 1-ஆம் தேதியாகிக்கொண்டே இருந்தது. எக்ஸெல் இணைப்போடு மரபணுப் பட்டியல் வெளியிட்ட கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. முதலில் மாறியது எக்ஸெல் அல்ல, மரபணு. அதன் பெயர் இப்போது 'மார்ச்எஃப்1'.

மாற்று வழி தில்லியிலேயே இருக்கிறது. 2018-ல் தில்லி அரசும் ஐஐஐடி-தில்லியும் தொடங்கிய பஸ் தகவல் சேவை, ஜிடிஎஃப்எஸ் என்ற உலகப் பொது வடிவத்தைப் பின்பற்றுகிறது. வேலி காற்புள்ளி, உள்ளே காற்புள்ளி வந்தால் மேற்கோள் குறி, எழுத்துமுறை யூனிகோட் - எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தவை. ஊகத்துக்கு வேலையே இல்லை.

ஒரே மாதிரிப் பெயருள்ள ஊர்களால் கடிதங்கள் திசைமாறக் கூடாது என்பதற்காகவே 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தது. தபால்காரரின் ஊகத்தை நம்பாமல், அனுப்புபவரே ஆறு இலக்கம் எழுதப் பழகினோம். ஃபைல் அனுப்பும்போதும் வேலி எது, தேதி எந்த முறையில், எது வெறும் எழுத்து என்று இரண்டு வரி எழுதி வைத்தால் போதும். மயூர் விஹார்வாசியின் பாக்கி, பாக்கிக் கட்டத்திலேயே இருக்கும்.