'இன்ப நாட்கள்' மாறிய விதம்

நன்றாக நடந்துவந்த தொலைக்காட்சித் தொடர் ஒன்று சுவை குன்றிப்போனால், 'அது சுறாவைத் தாண்டிவிட்டது' என்று விடுதி நண்பர்கள் ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எந்தச் சுறா, தாண்டியவர் யார் என்று கேட்டால் பலரும் விழிப்பர். தாண்டியவன் ஃபான்ஸி என்னும் கதைமாந்தன். தாண்டியது 'ஹாப்பி டேஸ்', அதாவது 'இன்ப நாட்கள்', என்னும் அமெரிக்க நகைச்சுவைத் தொடரில். 1977 செப்டம்பரில் அக்காட்சி ஒளிபரப்பாயிற்று. 1985-இல் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் சிலர், தாம் விரும்பிய தொடர்கள் எந்த இடத்தில் கெட்டுப்போயின என்று பேசிக்கொண்டிருக்க, ஒருவர் இச்சுறாவைக் குறிப்பிட்டார். அதுவே பின்னர் வழக்காகி உலகெங்கும் பரவிவிட்டது.

ஆனால் அத்தொடர் மாறியது சுறாவினால் அன்று என்பதே என் கருத்து. நோய் வேறு, நோயின் அறிகுறி வேறு. இத்தொடரில் நோய் தொடங்கியது இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே. அஃது எவ்வாறு என்பதைச் சற்றுக் காண்போம்.

1974 ஜனவரியில் ஏபிசி நிறுவனம் இத்தொடரை ஒளிபரப்பத் தொடங்கிற்று. அமெரிக்கர்களுக்கு அது மனம் சோர்ந்த காலம். வியட்நாம் போர் அவர்களை இரண்டாகப் பிளந்திருந்தது; பெட்ரோலுக்கு வரிசையில் நிற்க நேர்ந்தது; அவ்வாண்டு ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் நிக்ஸனே பதவி துறந்தார். இத்தகைய வேளையில் இருபது ஆண்டுகளுக்கு முந்திய உலகத்தை நினைத்து மக்கள் ஏங்கியதில் வியப்பென்ன? 1934-இல் பிறந்த கேரி மார்ஷல் என்பவர் தம் இளமைக் காலத்தையே களமாக்கி இத்தொடரைப் படைத்தார். ஊர், விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி. காலம், 1950-களின் நடுப்பகுதி. தந்தை ஹோவர்ட் கன்னிங்ஹாம் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர்; தாய் மரியான்; மூத்த மகன் சக்; நடுப்பிள்ளை ரிச்சி; கடைக்குட்டி ஜோனி. ரிச்சியாக நடித்தவர் ரான் ஹோவர்ட். அவனைச் சுற்றியே கதை நடந்தது.

முதல் இரு பருவங்களைப் பார்த்தால், அங்கே இன்ப நாட்கள் முழுக்க இன்பமாக இல்லை என்பது புலப்படும். அணுகுண்டு விழுமோ என்றஞ்சிப் பாதுகாப்பு அறை கட்ட எண்ணுகிறார் தந்தை. அதற்குள் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதில் உறவும் நட்பும் கசக்கின்றன. 1956-ஆம் ஆண்டுத் தேர்தலில் தந்தை ஐசனோவர் பக்கம், மகன் ஸ்டீவன்சன் பக்கம். இன்னொரு கதையில், தந்தையுடன் இராணுவத்தில் பணியாற்றிய கறுப்பின நண்பர் ஒருவரின் திருமணம் கன்னிங்ஹாம் வீட்டிலேயே நடக்க ஏற்பாடாகிறது. அக்கம்பக்கத்தில் சலசலப்பு எழுகிறது. நல்லவர்கள் வாழும் அந்தத் தெருவிலேதான் அந்தச் சிறுமையும் குடியிருக்கிறது. பழைய காலத்தை விரும்பியவர்களே எழுதிய கதைகள் இவை. எனினும் அக்காலத்தின் அழுக்கையும் அவர்கள் மறக்கவில்லை.

இக்கதைகள் திரைப்படம் போல ஒரே படக்கருவியால் எடுக்கப்பட்டன. சிரிப்பொலி பிற்பாடு சேர்க்கப்பட்டது. இம்முறையில் நடிகர் மெல்லப் பேசலாம். ஒரு பார்வையிலேயே கதையை நகர்த்தலாம். ஆனால் இரண்டாம் பருவத்தில் பார்ப்போர் தொகை சரிந்தது. தொடரையே நிறுத்திவிடுவார்களோ என்ற நிலை வந்தது. எனவே 1975-இல், மூன்றாம் பருவத்தில், முறையை மாற்றினார்கள். அரங்கம் அமைத்து, எதிரே இரசிகர்களை அமர்த்தி, நாடகம் போல நடத்திப் பல படக்கருவிகளால் ஒரே வேளையில் பிடிக்கலானார்கள்.

இது வெறும் தொழில்நுட்ப மாற்றம்தானே என்று எண்ணலாம். அன்று. எதிரே முந்நூறு பேர் அமர்ந்திருந்தால், அவர்கள் எதற்குக் கைதட்டுகிறார்களோ அதுவே வளரும். எதற்கு மௌனமாக இருக்கிறார்களோ அது தேயும். அறிவியல் மாணவர்களுக்கு ஒலிபெருக்கி உதாரணம் போதும். பெருக்கியிலிருந்து வரும் ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்தால், மற்ற ஒலிகளையெல்லாம் விழுங்கிவிட்டு ஒரே ஒரு கூச்சல் மட்டும் ஓங்கி நிற்கும். இங்கே ஓங்கிய கூச்சல் ஃபான்ஸி.

ஹென்றி விங்க்லர் நடித்த இந்த ஃபான்ஸி, தொடக்கத்தில் ஓரத்தில் நின்ற ஒரு சிறு பாத்திரம், படிப்பை விட்ட மோட்டார் மெக்கானிக், பேச்சுக் குறைவு. தோல்சட்டை அணிந்தால் போக்கிரியாகத் தோன்றுவான் என்று நிறுவனத்தார் அஞ்சினர். மோட்டார் சைக்கிள் பக்கத்தில் இருந்தால்தான் தோல்சட்டைக்கு அனுமதி! மூன்றாம் பருவத்தில் அவன் கன்னிங்ஹாம் வீட்டுக் கார்க்கொட்டகையின் மாடிக்கே குடிவந்தான். அவன் கட்டைவிரலை உயர்த்தினால் கைதட்டல். பாட்டுப் பெட்டியில் ஒரு குத்துவிட்டு அது பாடினால் ஆரவாரம். போக்கிரி, வீரனானான், வீரன், அவதார புருடனானான். 1976-77 பருவத்தில் அமெரிக்காவிலேயே முதலிடத்தில் நின்றது இத்தொடர்.

ஃபான்ஸி வளர வளரக் குறைந்தவர்கள் உண்டு. மூத்த மகன் சக் இரண்டாம் பருவத்தோடு காணாமற்போனான். எங்கே போனான், ஏன் போனான் என்று ஒரு சொல்லும் இல்லை. பெற்ற தாயும் தேடவில்லை!

இந்நிலையில் ஐந்தாம் பருவத்தில் சுறா வந்தது. கடலில், மேலே தோல்சட்டையும் கீழே குளியல் உடையுமாக, படகு இழுக்கச் சறுக்கு பலகைகள்மேல் விரைந்து வந்து, அடைத்துவைத்த சுறாவைத் தாண்டினான் ஃபான்ஸி. மில்வாக்கியும் 1950-களும் அங்கே இல்லை. கைதட்டல் மட்டும் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக ஏறிவந்த படியில் அது இன்னொரு படியே.

1980-இல் ரான் ஹோவர்ட் விலகினார். ரிச்சி இராணுவத்தில் சேர்ந்து கிரீன்லாந்துக்குப் போனதாகக் கதை. எந்த இளைஞனின் நினைவாகத் தொடர் பிறந்ததோ அவனே இல்லாமல் மேலும் நான்கு பருவங்கள் நடந்தன. ஜோனியும் அவள் காதலன் சாச்சியும் முன்னுக்கு வந்தார்கள். கதைக் காலம் 1960-கள்; அவர்கள் தலைமுடியோ 1980-களைச் சேர்ந்தது! இன ஒதுக்கலையும் தொடர் அறவே மறந்துவிடவில்லை. 1982-இல் ஒரு கதையில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் சேர ஃபான்ஸி தெற்கே செல்கிறான். ஆனால் முதற்பருவத்துத் திருமணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று குற்றம் நம் தெருவில் இருந்தது. இன்று அது வேறெங்கோ தொலைவில் இருக்கிறது, அதைத் திருத்த நம் வீரன் புறப்படுகிறான். பழமை ஏக்கத்தின் முழு வரலாறும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதனையும் சொல்லவேண்டும். மாற்றியிராவிட்டால் தொடர் அன்றே நின்றிருக்கும். மாற்றியதனால் 1984 வரை, 11 பருவங்களில் 255 கதைகள் ஓடிற்று. கோடிக்கணக்கானோர் குடும்பத்தோடு அமர்ந்து சிரித்தார்கள். ஃபான்ஸியின் தோல்சட்டை ஒன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது. இவையெல்லாம் உண்மை. ஆயினும் கடைசிக் கதையில் ஜோனியின் திருமண விருந்தில் எழுந்து பேசும் தந்தை, தம் பிள்ளைகள் இருவருக்கும் மணமாகிவிட்டதென்று மனநிறைவோடு சொல்கிறார். மூவர் அல்லவா என்று கேட்க அங்கே எவரும் இல்லை.

நண்பர்களே, இது அமெரிக்கர் கதை மட்டுமன்று என்பதால்தான் இவ்வளவும் எழுதினேன். ஊரை விட்டு வந்த நாமும் ஆண்டுதோறும் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஊரை மேடையேற்றுகிறோம். எதிரே இரசிகர் கூட்டம், கைதட்டலும் உண்டு. கோலமும் கரும்பும் பாட்டியின் பேச்சும் ஆண்டுக்காண்டு பெரிதாகின்றன. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்துநின்ற வரிசையும், தேநீர்க்கடையில் ஒருவருக்கு மட்டும் தனியாக வைத்த தம்ளரும் ஒவ்வோர் ஆண்டும் சிறுத்துவருகின்றன. எவரும் திட்டமிட்டு நீக்கவில்லை. கைதட்டல் வராததனால் தாமே நழுவிவிட்டன. ஊரை நேசிப்பது குற்றமன்று. அரைகுறையாக நேசிப்பதே குறை. அடுத்த விழா நாடகத்துக்கு ஒத்திகை தொடங்குமுன், நம் கதையிலிருந்து சொல்லாமற்போன சக் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்து, அவனையும் மேடைக்கு அழைப்போம்.