விலா எண்ணிப் போடும் ஊசி

நாய்க்கும் பூனைக்கும் அக்குபங்சர் செய்கிறார்களாமே, கால்நடை மருத்துவர்கள் அதை முறையாகப் படித்துத்தான் செய்கிறார்களா என்று கரூர் வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். முறையாகத்தான் படிக்கிறார்கள். 1974-இல் அமெரிக்காவில் தொடங்கிய பன்னாட்டுக் கால்நடை அக்குபங்சர் சங்கம் இதற்கென்றே வகுப்பு நடத்திச் சான்றிதழ் தருகிறது. ஃபுளோரிடாவில், குதிரைப் பண்ணைகள் நிறைந்த ஒக்காலா பக்கம், ரெட்டிக் என்ற சிற்றூரில் ஹுய்ஷெங் ஷியே 1998-இல் தொடங்கிய நிறுவனம் இன்னொன்று. கால்நடை மருத்துவம் படிக்காதவருக்கு இந்த வகுப்புகளில் இடமில்லை. அது எவ்வளவு சரி என்பது போகப் போகப் புரியும்.

யின், யாங், நாடி எல்லாம் நம் ஊரில் பலரும் கேள்விப்பட்டவை. அவற்றை விட்டுவிட்டு நேராக நாயின் முதுகுக்கு வருகிறேன். என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்ததே அந்த முதுகுதான்.

பழைய சீன விலங்கு வைத்தியம் பெரும்பாலும் குதிரைக்கும் மாட்டுக்கும் உரியது. படைக்குக் குதிரை வேண்டும், வயலுக்கு மாடு வேண்டும். மிங் வம்சக் காலத்தில் 1608-இல் வந்த புகழ்பெற்ற வைத்திய நூலும் குதிரையைப் பற்றியதுதான். நாய், பூனைகளை யாரும் அவ்வளவு பொருட்படுத்தவில்லை. இருபதாம் நூற்றாண்டில் வளர்ப்புப் பிராணிகளுக்கு ஊசி போடலாம் என்று மருத்துவர்கள் இறங்கியபோது கையில் விரிவாக இருந்தது மனித உடலின் வரைபடம். அதை எடுத்து நாயின் மேல் போர்த்தினார்கள். எங்கள் வீட்டில் அண்ணன் சட்டையைத் தையல்காரரிடம் கொடுத்து எனக்குப் பிடித்துத் தருவார்கள். தோளும் நீளமும் சரியாகிவிடும், பை மட்டும் விலாவுக்குக் கீழே தொங்கும். நாய்க்கு நேர்ந்ததும் அதேதான்.

மனிதருக்கு மார்புப் பகுதியில் முதுகெலும்புகள் 12, அதற்குக் கீழே இடுப்புப் பகுதியில் 5. நாய்க்கு 13-உம் 7-உம். முதுகெலும்பின் இருபக்கமும் ஓடுவதாகச் சீன வைத்தியம் சொல்லும் சக்திப் பாதையில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு புள்ளி உண்டு. இரைப்பைக்கான புள்ளி நமக்குப் பன்னிரண்டாவது எலும்பருகே இருந்தால் நாய்க்குப் பதின்மூன்றாவதருகே தள்ளிப் போகிறது. ஒரு விலா கூடிவிட்டதால் வழியில் உள்ள சில புள்ளிகளை எங்கே வைப்பது என்பதில் ஆசிரியருக்கு ஆசிரியர் ஓர் எலும்பு வித்தியாசம் வந்துவிடுகிறது. மண்ணீரல் பாதையும் கல்லீரல் பாதையும் நம் கால் கட்டைவிரலில் தொடங்குகின்றன. பெரும்பாலான நாய்களுக்குப் பின்காலில் அந்த விரலே கிடையாது, ஆகவே தொடக்கத்தைப் பக்கத்து விரலுக்கு மாற்றினார்கள். எல்லாவற்றையும்விட வியப்பு குதிரை. அதற்குப் பித்தப்பையே இல்லை. ஆனால் பித்தப்பைப் பாதை மட்டும் தலை முதல் கால்வரை வரையப்பட்டிருக்கிறது!

இதைச் சொல்லி மொத்தத்தையும் ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. நான் ஒதுக்கமாட்டேன். உறுப்பின் பெயர் பொருந்தாவிட்டாலும், புள்ளி இருக்கும் இடத்தில் தசையும் நரம்பும் இருக்கின்றன. கொலராடோவின் நார்டா ராபின்சன் மனித மருத்துவமும் கால்நடை மருத்துவமும் படித்தவர். அவர் சக்திப் பாதைப் பேச்சை விட்டுவிட்டு, எந்தப் புள்ளிக்குக் கீழே எந்த நரம்பு போகிறது என்றே கற்றுக்கொடுக்கிறார். எனக்குப் பிடித்த வழி அதுதான்.

வகுப்பில் கற்பவர் கண்ணைவிட விரலைத்தான் பழக்க வேண்டியிருக்கிறது. நாயை நிற்கவைத்து, கடைசி விலாவின் விளிம்பைத் தடவிப் பிடித்து, அங்கிருந்து எலும்பு எலும்பாக எண்ண வேண்டும். கொழுத்த நாயென்றால் விலாவே கைக்குத் தட்டாது. இடுப்பெலும்பின் இரண்டு மேடுகளிலும் கட்டைவிரலையும் நடுவிரலையும் வைத்து, ஆள்காட்டி விரலை நடுவில் சற்றுப் பின்னால் இறக்கினால் ஒரு பள்ளம் தட்டும். பாய் ஹுவே என்ற புள்ளி அது. தண்டுவட உறையருகே மயக்க ஊசி போடும் கால்நடை மருத்துவருக்கு அந்தப் பள்ளம் ஏற்கெனவே பழக்கம்.

ஊசி தலைமுடிபோல மெலிந்தது, தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர். அதை ஒரு சிறு குழாய்க்குள் வைத்து மேலிருந்து தட்டி இறக்குகிறார்கள். அந்தக் குழாய் முறையைப் பதினேழாம் நூற்றாண்டில் ஜப்பானில் பரப்பியவர் சுகியாமா வைச்சி. பார்வையற்றவர். விரலை நம்பிச் செய்யும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆசான் யார்?

பலிக்கிறதா? 2006-இல் விலங்கு அக்குபங்சர் ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தவர்கள், இதைப் பரிந்துரைக்கவும் ஆதாரம் போதாது, தள்ளவும் ஆதாரம் போதாது என்று முடித்தார்கள். டிஸ்க் விலகிக் கால் விழுந்த நாய்களை வைத்து 2010-இல் பிரேசிலிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஊசியில் மின்சாரம் பாய்ச்சிய 19 நாய்களில் 15 தேறின, அறுவைச் சிகிச்சை மட்டும் பெற்ற 10-இல் 4 தேறின. நல்ல செய்திதான். ஆனால் இரண்டும் சேர்த்துப் பெற்றவற்றையும் கூட்டினால் மொத்தமே 40 நாய்கள், அதுவும் குலுக்கல் முறையில் பிரிக்கப்படாதவை. 2021-இல் சியூஃபூ மாவின் குழு ஹார்வர்டில் எலிகளிடம் கண்டது இன்னும் நுட்பமானது. பின்காலில் ஒரு புள்ளியில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சியபோது குறிப்பிட்ட ஒருவகை நரம்பு விழித்து, வேகஸ் நரம்பு வழியாக அட்ரினல் சுரப்பியைத் தூண்டி, அழற்சியைத் தணித்தது. அதே மெல்லிய மின்சாரம் வயிற்றுப் புள்ளியில் அதைச் செய்யவில்லை. ஆக, இடம் முக்கியம்தான்.

இடம் முக்கியமென்றால் குத்துகிறவருக்கு உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும். மனிதருக்கு ஊசி போடப் பழகியவர், அன்பினாலேகூட, நாயின் மேல் கைவைக்கக் கூடாது. விலா இடுக்கில் ஆழம் தப்பினால் கீழே நுரையீரல் இருக்கிறது. டாக்ஷண்ட் வளர்க்கிறவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நீண்ட முதுகும் குட்டைக் காலுமாக அந்த இனத்தை வளர்த்தெடுத்தது நாம். குட்டைக் காலோடு சேர்ந்தே டிஸ்க் சீக்கிரம் இறுகிப் பிதுங்கும் கோளாறும் அதற்கு வந்தது. அதைச் சோறு போட்டுக் கொழுக்கவைத்து, கட்டிலிலிருந்து குதிக்கவிட்டு, கால் விழுந்தபின் ஊசி வைத்தியரைத் தேடி நாள் கடத்துவது அந்த உயிருக்குச் செய்யும் பெரிய அநியாயம்.

இப்படிக் கால் விழுந்த நாய் வந்தால், பயிற்சி பெற்ற மருத்துவர் ஊசிப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே ஒன்றைச் செய்துபார்ப்பார். பின்கால் விரலெலும்பை இடுக்கியால் நன்றாக அழுத்துவார். கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் போதாது, தண்டுவடம் மூளையைக் கேட்காமலே அதைச் செய்துவிடும். நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், அல்லது கத்த வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வலி மேலே போய்ச் சேரவில்லை என்று பொருள். அப்போது ஊசியை எடுக்காமல், அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்.