கெய்சர்ல தண்ணி வெதுவெதுன்னுதான் வருதா? கரண்ட் பில்லையும் சேர்த்துப் பாருங்க

டாக்ஸ், மியூச்சுவல் ஃபண்டுன்னு பேசுற இடத்துல இன்னைக்கு கெய்சர் பத்தி எழுதப் போறேன். சேனல்ல இதை வீடியோவா போட்டப்ப "மேடம், நீங்க ஆடிட்டரா எலக்ட்ரீஷியனா?"ன்னு ஒருத்தர் கேட்டார். ஆடிட்டர்தான். ஆனா இந்தப் பிரச்சினை எனக்கு முதல்ல தெரிய வந்ததே ஒரு இபி பில்லுலதான்.

எங்க ஊரு பெரம்பலூர் மாவட்டம் எறையூர். அப்பா, அம்மா ரெண்டு பேர் மட்டும்தான் அங்க இருக்காங்க. போன ஜனவரியில அம்மா போன் பண்ணி, "பாப்பா, கரண்ட் பில்லு ரெண்டாயிரத்து முந்நூறு வந்திருக்கு, ஏதாவது தப்பா இருக்குமா?"ன்னு கேட்டாங்க. 532 யூனிட். ஏசி ஓடாத மாசம். புதுசா என்ன ஓடுதுன்னு கேட்டதுக்கு, "ஒண்ணுமில்ல, கெய்சர்ல சரியா சூடு வரமாட்டேங்குது, அதனால காலையில போட்டா ராத்திரி வரைக்கும் ஆஃப் பண்றதில்ல"ன்னாங்க.

இங்க ஒரு கணக்கு பார்த்துடுவோம். 2024 ஜூலை கட்டணப்படி, வீட்டு இணைப்புல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் வரைக்கும் போனா முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், அடுத்த 200-க்கு 4.70, கடைசி 100-க்கு 6.30. மொத்தம் 1,805 ரூபாய். ஆனா 501 ஆச்சுன்னா அந்த 2.35 ரூபாய் சலுகையே போயிடும். 101-லிருந்து 400 வரைக்கும் எல்லாமே 4.70. 500-க்கு மேல வர்ற யூனிட்டுக்கு 8.40. அதாவது 510 யூனிட் ஓட்டினா பில் 2,124. வெறும் பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்! இன்கம் டாக்ஸ் ஸ்லாப் தாண்டினா மொத்த சம்பளத்துக்கும் டாக்ஸ்னு பலர் தப்பா நினைச்சுப் பயப்படுவாங்களே, கிட்டத்தட்ட அந்தப் பயம் இங்க நிஜம்.

அடுத்த வாரம் ஊருக்குப் போய் கெய்சர் பிளக்ல ஒரு சின்ன யூனிட் மீட்டர் மாட்டினேன். ஒரு நாள் முழுக்க யாரும் ஹாட் டேப்பைத் திறக்கல. அப்படியும் 0.8 யூனிட் ஓடியிருந்தது. பழைய டேங்க், உள்ள இருக்கிற சூடு வெளிய போய்க்கிட்டே இருக்கு, அது திரும்பத் திரும்ப ஆன் ஆகுது. அறுபது நாளைக்கு 48 யூனிட். இந்த 48-ஐ 532-லிருந்து கழிச்சா 484. பில் 2,308-லிருந்து 1,704-க்கு வந்துடும். சும்மா ஆன்ல கிடந்ததுக்கு 604 ரூபாய்.

சரி, சூடு ஏன் வரல? அப்பா ஏற்கெனவே ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தார். அவர் திறந்துகூட பார்க்காம, "இது அவ்வளவுதான் சார், புதுசு மாத்திடுங்க, 9,500 ஆகும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி நாமளே செய்யக்கூடிய சோதனை மூணு இருக்கு, மூணுமே ஓசி.

முதல்ல நேரம். 15 லிட்டர் தண்ணியை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 0.6 யூனிட் வேணும். 2 கிலோவாட் கெய்சர்னா 18 நிமிஷத்துல லைட் அணையணும். வோல்டேஜ் குறைஞ்சா இந்தக் கணக்கு மாறும், அதுவும் நேர் விகிதத்துல இல்ல. 230 வோல்ட்டுக்குப் பதிலா 180 வந்தா பவர் 61 சதவீதம்தான் கிடைக்கும். அதே தண்ணிக்கு அரை மணி நேரம் ஆகும். காலையில ஊரே மோட்டார் போடுற நேரத்துல கெய்சர் லேட்டாகுதுன்னா கெய்சர் மேல பழி போடாதீங்க.

அடுத்தது, கெய்சருக்குள்ள போற பச்சைத்தண்ணி வால்வை மூடிட்டு, ஹாட் டேப்பைத் திறங்க. கொஞ்ச நேரத்துல தண்ணி நிக்கணும். நிக்காம வந்துக்கிட்டே இருந்தா, மிக்ஸர் குழாயோட உள் வாஷர் போய், பச்சைத்தண்ணி ஹாட் லைனுக்குள்ள கலக்குதுன்னு அர்த்தம். கெய்சரையே மாத்தினாலும் இது சரியாகாது. புது கெய்சர் வாங்கியும் சூடு வரலைன்னு புலம்புறவங்க இதைப் பார்த்தாங்களான்னு நான் முதல்ல கேட்பேன்.

மூணாவது, காது. சூடாகும்போது உள்ள பொரியுற மாதிரி "பட்பட்"னு சத்தம் கேக்குதா? அது உப்பு. லண்டன்ல இருக்கிற என் ஃபிரெண்ட் வீட்டுல, வீட்டையே சூடாக்குற பாய்லர் வச்சிருக்காங்க. அங்கேயும் கடினத் தண்ணிதான், அதே சத்தம்தான். நம்ம பக்கம் கேக்கவே வேணாம். பக்கத்து அரியலூர்ல சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் சிமெண்ட் ஆலைகளே இருக்கு. எங்க வீட்டு போர் தண்ணியில காபி பாத்திரம் ஒரு மாசத்துல வெள்ளை பூத்துடும். குடிநீருக்கான இந்தியத் தரத்துல மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழியில்லைன்னா 600 வரைக்கும் பரவாயில்லைன்னு இருக்கு. உங்க போர் தண்ணி எவ்வளவுன்னு ஒரு தடவையாவது டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

எங்க ஊருலதான் பெரம்பலூர் சர்க்கரை ஆலை இருக்கு. அங்க பாய்லர் பக்கம் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியப்பா ஒருத்தர் கேட்டதும் சிரிச்சார். "ஆலையில பாய்லருக்குத் தண்ணியைப் பதம் பண்ணாம ஒரு சொட்டு உள்ள விடமாட்டோம். வீட்டுல மட்டும் போர் தண்ணியை அப்படியே விட்டுட்டு, சூடு வரலங்கிறீங்க." சூடு ஏற ஏற சுண்ணாம்பு உப்பு தண்ணியில கரைஞ்சு நிக்காது, எலிமெண்ட் மேல படிஞ்சுடும். பக்கத்துலயே இருக்கிற தெர்மோஸ்டாட் அந்த உப்புக்குள்ள அடைபட்ட சூட்டைப் பார்த்து, தண்ணி ரெடின்னு நினைச்சு சீக்கிரமே கட் பண்ணிடும். டேங்க்குல தண்ணி வெதுவெதுன்னுதான் நிக்கும். அதனாலதான் நாபை 75-ல வைக்காம 55, 60-ல வைக்கச் சொல்றது. உப்பும் குறைவா படியும், சூடு வெளிய போறதும் குறையும்.

கெய்சரைக் கழட்டினப்ப எலிமெண்ட் கட்டை விரல் மொத்தத்துக்கு வெள்ளையா இருந்தது. டேங்க் துருப்பிடிக்காம தன்னையே கரைச்சுக்கிற மெக்னீசியம் கம்பி ஒண்ணு இருக்கும், ஆனோடுன்னு சொல்வாங்க. அது இருந்த இடமே தெரியல. டேங்க் மட்டும் நல்லா இருந்தது. அப்பதான் அம்மா சாதாரணமா சொன்னாங்க, "இப்பல்லாம் குழாயைத் தொட்டா லேசா சுர்ருங்குது பாப்பா, குளிர்ல அப்படித்தான்னு விட்டுட்டேன்."

எனக்குக் கை நடுங்கிடுச்சு. உப்பு மூடின எலிமெண்ட் உள்ளுக்குள்ள அதிக சூடாகி, மேல் குழாய் வெடிச்சிருந்தது. அந்தக் கரண்ட் நேரா தண்ணியில இறங்கியிருக்கு. எர்த் கம்பி அதைப் பிடிச்சிருக்கணும். எலக்ட்ரீஷியன் பார்த்தப்ப எர்த் குழியில கம்பி அரிச்சு அறுந்தே கிடந்தது. எம்சிபி இருந்தது, ஆனா அது ஷார்ட்டுக்கும் ஓவர்லோடுக்கும்தான் விழும், இந்த மாதிரி லீக்கேஜுக்கு விழாது. அதுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வேணும். அது எங்க வீட்டுல இல்ல. நான் எத்தனை பேருக்கு டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுங்கன்னு சொல்லியிருப்பேன்!

உங்க வீட்டுல யாராவது "சுர்ருங்குது"ன்னு சொன்னா, அந்த நிமிஷமே மெயினை ஆஃப் பண்ணிடுங்க. எலக்ட்ரீஷியன் பார்க்கிற வரைக்கும் அடுப்புல தண்ணி போட்டுக் குளிங்க. மூடியை நீங்களா கழட்டாதீங்க.

செலவு: எலிமெண்ட், தெர்மோஸ்டாட், ஆனோடு, கேஸ்கட், கூலி எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய். எர்த்தைச் சரி பண்ணி ஆர்சிசிபி மாட்டினதுக்கு 4,200. டேங்க்கே ஒழுகியிருந்தா நானும் புதுசுதான் வாங்கியிருப்பேன், ஒழுகுற டேங்க்கை ஒட்டவைக்கிறது வீண் செலவு.

சோலார் போடலாமான்னு அப்பா கேட்டார். 2025 செப்டம்பர்ல சோலார் வாட்டர் ஹீட்டருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதம் ஆனதை நியூஸ்ல பார்த்திருக்கார். ரெண்டு பேருக்கு நாள் ஒண்ணுக்கு நாலு பக்கெட், சுமார் 1.4 யூனிட். சுடுதண்ணி தேவைப்படுறதே வருஷத்துல நாலஞ்சு மாசம். மிஞ்சினா வருஷம் 1,200 ரூபாய் மிச்சமாகும். இருபதாயிரம் போட்டு அதை எடுக்க பதினாறு வருஷத்துக்கு மேல ஆகும். நடுவுல உப்பு அடைக்கிற செலவு வேற. வேணாம்னுட்டேன். ஆறேழு பேர் இருக்கிற, பில் எப்பவும் 500-ஐத் தாண்டுற வீடுன்னா என் பதில் வேற.

வாடகைக்கு விட்ட வீட்டுல கெய்சர் ரிப்பேர் பண்ணினவங்க அந்த பில்லைத் தூக்கிட்டு என்கிட்ட வராதீங்க. வாடகை வருமானத்துல கிடைக்கிற 30 சதவீத கழிவுலயே அது அடக்கம், தனியா க்ளெய்ம் பண்ண முடியாது.

இப்ப அம்மா குளிக்கிறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி போட்டு, ஆஃப் பண்ணிட்டுதான் உள்ள போறாங்க. மார்ச் பில் 471 யூனிட். ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை மாசம் ஒருதடவை அமுக்கச் சொல்லி, காலண்டர்ல ஒண்ணாந்தேதிக்கெல்லாம் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கேன்.