9-ஐ வென்ற 7.2

"சித்தப்பா, கையில தூக்கிப் பிடிச்சா சக்கரம் ஜோரா சுத்துது. தரையில விட்டா திக்கித் திக்கிப் போகுது!"

தானே செய்த ரிமோட் காரோடு வந்து நின்றாள் அண்ணன் மகள். அட்டைப் பெட்டி, இரண்டு மோட்டார், ஒரு ரிசீவர், சின்னதாக ஒரு 9 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான் கார். தரையில் வைத்து ரிமோட்டை அழுத்தினேன். ஒரு விரற்கடை நகர்ந்தது, நின்றது. மறுபடி ஒரு விரற்கடை. நிற்கும்போதெல்லாம் ரிசீவரின் சிவப்பு விளக்கு அணைந்து எரிந்தது.

"ரிமோட்ல கோளாறோ?" என்றாள்.

குழந்தைகளே, ரிமோட் அனுப்புவது கட்டளையை மட்டும்தான். சக்கரத்தைச் சுற்றும் ஆற்றல் காருக்குள்ளேயே இருக்க வேண்டும். 1898-இல் நிகோலா டெஸ்லா, நியூயார்க்கில் ஒரு சிறு படகை ரேடியோ அலையால் இயக்கிக் காட்டினார். அந்தப் படகும் தன் வயிற்றில் பேட்டரியைச் சுமந்துதான் ஓடியது. ஆகவே நாங்களும் பேட்டரியைத்தான் முதலில் விசாரித்தோம்.

மல்டிமீட்டரை வைத்தோம். 9 வோல்ட் காட்டியது. "பேட்டரி நல்லாத்தானே இருக்கு?" என்றாள். "மீட்டரை எடுக்காதே. அப்படியே காரை ஓட விடு" என்றேன். சக்கரம் அசைந்ததும் எண் 5-க்குச் சரிந்தது. விளக்கு அணைந்தது, மோட்டார் நின்றது. உடனே எண் மறுபடி 9-ஐ நோக்கி ஏறியது!

நடுவில் 4 வோல்ட் எங்கே போனது? பேட்டரிக்கு உள்ளேயே மின்தடை உண்டு. இந்தச் சின்ன பேட்டரியில் அது 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் 2 ஆம்பியர் இழுத்தால், 2 × 2 = 4 வோல்ட் உள்ளேயே செலவாகிவிடும். மிஞ்சுவது 5. அது போதாமல் ரிசீவர் மயங்கிவிடும். அது மயங்கினால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் மின்னழுத்தம் ஏறும், ரிசீவர் விழிக்கும், மோட்டாரை மறுபடி ஓட்டும். திக்கலின் ரகசியம் இதுதான். வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் பல்பு ஒரு நொடி மங்குகிறதே, அதற்கும் இதுபோன்ற காரணம்தான்.

சரி, கையில் தூக்கிப் பிடித்தால் மட்டும் ஏன் ஓடுகிறது? சுற்றும் மோட்டார் ஒரு குட்டி ஜெனரேட்டரும்கூட. பேட்டரிக்கு எதிராக அதுவும் மின்னழுத்தத்தை உண்டாக்கும். வேகமாகச் சுற்றினால் அந்த எதிர்ப்பு அதிகம், இழுக்கும் மின்னோட்டம் குறைவு. தரையில் காரின் பாரத்தையும் இழுக்க வேண்டும் அல்லவா? வேகம் குறையும், எதிர்ப்பு குறையும், மின்னோட்டம் எகிறும். கிளம்பும் நொடியில்தான் இழுப்பு மிக அதிகம்.

பேட்டரியை மாற்றினோம். ரீசார்ஜ் செய்யும் பென்சில் செல், ஒன்றுக்கு 1.2 வோல்ட். ஆறு செல்லை வரிசையாக இணைத்தால் 7.2 வோல்ட். "9-ஐவிடக் குறைச்சலாச்சே!" என்று முகம் சுளித்தாள். ஆனால் இந்தச் செல்களின் உள்மின்தடை மிகக் குறைவு. செல் பெட்டியின் ஸ்பிரிங்கில் இருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்தோம். துருவும் ஒரு மின்தடைதானே! மோட்டாரின் உள்ளே உரசும் இடத்தில் பறக்கும் பொறி ரேடியோ அலையைக் குழப்பும். அதை அடக்க, ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தேன்.

நீங்கள் செய்யும்போது பற்றவைக்கப் பெரியவர்களை அழையுங்கள். பேட்டரியின் இரு முனைகளையும் ஒயரால் நேராக இணைத்துவிடாதீர்கள், சுட்டுவிடும்.

கார் கூடத்தைத் தாண்டி, கட்டிலுக்கு அடியில் புகுந்து, மறுபக்கம் வெளியே வந்தது. அவள் மீட்டரோடு பின்னாலேயே ஓடினாள். சக்கரத்தைக் கையால் லேசாகத் தடுத்துப் பார்த்தாள். எண் 7-க்குப் பக்கத்திலேயே நின்றது.

பிறகு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அட்டைப் பெட்டியின் மேல் எழுதினாள்: "ஓடும்போது அளந்து பார்!"