அன்றாட அலை நிலவரமும் அலைச்சறுக்குப் பயணங்களும்

கடலில் இறங்குமுன் கரையில் சற்று நேரம் நின்று அலையைக் கவனிப்பது மீனவர்களின் தொன்றுதொட்ட வழக்கம். வீசுவது வாடையா, கொண்டலா, கச்சானா, சோழகமா என்று பார்த்த பிறகே அவர்கள் படகைத் தள்ளுவார்கள். கடந்த இருபது ஆண்டுகளாக அதே கரையில், அதே நோக்குடன் மற்றொரு சாராரும் நிற்கின்றனர். அவர்கள் சறுக்குப்பலகையில் ஏறி அலைமீது விரைந்து செல்லும் விளையாட்டு வீரர்கள்.

கர்நாடகத்தின் முல்கி, கேரளத்தின் வர்க்கலை, தமிழ்நாட்டின் கோவளம், மாமல்லபுரம் ஆகிய கடலோர ஊர்களில் அலைச்சறுக்கு வேரூன்றியுள்ளது. டோக்கியோவில் 2021-ஆம் ஆண்டு நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வென்றார். தேர்ந்த வீரர்கள் நல்ல அலையைத் தேடி ஊர்விட்டு ஊர் செல்வதால், அவர்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிப் பணியும் ஒரு தொழிலாக உருவாகி வருகிறது. இத்தொழிலுக்கு அடிப்படையாக அமைவது அன்றாட அலை நிலவரம்.

அறிக்கை எங்கிருந்து வருகிறது?

இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் 1999-இல் ஹைதராபாத்தில் நிறுவப்பட்டது. மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இம்மையம், வரும் நாட்களில் கடல் எவ்வாறு இருக்கும் என்பதை மூன்று மணி நேர இடைவெளிகளில் கணித்து வெளியிடுகிறது. கரையோரக் கடலில் மிதக்கும் அலைமானிகளின் பதிவுகளும், செயற்கைக்கோள் பதிவுகளும் அக்கணிப்பைச் சரிபார்க்க உதவுகின்றன. இந்தச் சேவை முதன்மையாக மீனவர்களுக்காகவும் கப்பல் போக்குவரத்துக்காகவும் உருவாக்கப்பட்டது. மக்கள் வரிப்பணத்தில் தயாராகும் அதே எண்கள் அலைச்சறுக்கு வீரருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

உயரம் மட்டும் போதாது

அறிக்கையில் முதலில் கண்ணில் படுவது அலையின் உயரம். பலர் அதை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுகின்றனர். இது தவறான வழக்கமாகும். அறிக்கையில் தரப்படும் உயரம், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எழும் அலைகளுள் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரியே ஆகும். 1.5 மீட்டர் என்று அறிவிக்கப்பட்ட நாளில், ஏறத்தாழ 3 மீட்டர் உயர அலையும் இடையே எழக்கூடும்.

உயரத்துக்கு இணையாகக் கவனிக்க வேண்டியது கால இடைவெளி. ஓர் அலைமுகடு கடந்து அடுத்த முகடு வருவதற்கு ஆகும் நேரமே அது. அருகில் வீசும் காற்றால் எழும் அலையின் இடைவெளி ஏறக்குறைய 5 முதல் 8 நொடிகள். தொலைதூரப் புயல்களில் பிறந்து வரும் அலைக்கு அது 14 நொடிகளையும் தாண்டும். ஆழ்கடலில் 6 நொடி அலையின் நீளம் சுமார் 56 மீட்டர்; 16 நொடி அலையின் நீளமோ சுமார் 400 மீட்டர். இரண்டும் ஒரே உயரம் கொண்டிருந்தாலும், பின்னது கரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் முன்னதைப்போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம். கரையை நெருங்கும்போது அது மேலும் உயர்ந்து எழும். எனவே, "1 மீட்டர், 16 நொடி" என்ற குறிப்பு, "1 மீட்டர், 6 நொடி" என்ற குறிப்பினின்று முற்றிலும் வேறான ஒரு கடலைச் சுட்டுகிறது.

கள்ளக்கடல்

இந்தத் தொலைதூர அலைகள் பெரும்பாலும் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்களில் பிறக்கின்றன. 16 நொடி அலைக்கூட்டம் ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 கி.மீ. பயணம் செய்யும். சுமார் 6,000 கி.மீ. கடந்து அது நம் கரையை அடைய ஆறு நாட்கள் ஆகின்றன. முன்னறிவிப்பு கூடுவதற்கு இந்தக் கால அவகாசமே காரணம்.

அது வந்து சேரும் நாளில் உள்ளூரில் காற்று இராது. வானமும் தெளிவாக இருக்கும். எந்த அறிகுறியும் காட்டாமல் கடல் திடீரெனக் கரையேறுவதால், கேரள மீனவர்கள் இதனைக் கள்ளக்கடல் என அழைத்தனர். அச்சொல்லை 2012-இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று, கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தபோது, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். எச்சரிக்கை வெளியிடப்படுவது ஒன்று. அது கரையில் நிற்பவரின் காதுக்கு எட்டுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைத்தான் இன்னும் கடக்க வேண்டியுள்ளது.

காற்று, ஓதம், கடலடித் தரை

அலை எத்துணைச் சிறந்ததாயினும், கடலிலிருந்து கரை நோக்கி வீசும் காற்று அதன் முகத்தைக் குலைத்துவிடும். கரையிலிருந்து கடல் நோக்கி மெல்ல வீசும் காற்று அதை நிமிர்த்தி நிறுத்தும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக் காலத்தில் அதிகாலையில் மேற்குக் காற்று வீசுவதும், பிற்பகலில் கடற்காற்று எழுவதும் இயல்பு. ஆகவேதான் வீரர்கள் விடியற்காலையையே நாடுகின்றனர்.

அலை தன் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்தை அடையும்போது உடைகிறது. ஓதம் ஏறி இறங்குவதற்கேற்ப உடையும் இடமும் மாறும். மணல் தரையில் விழுந்தால் சிராய்ப்போடு போகலாம். பாறையிலோ பவளத்திட்டிலோ நீர் வற்றிய நேரத்தில் விழுந்தால் பெருங்காயம் நேரும்.

அலையின் திசையையும் மறத்தலாகாது. தென்மேற்கிலிருந்து வரும் அலையை இலங்கைத் தீவு மறைத்துவிடுவதால், அது பாக் நீரிணைக்கு முழு வலிமையோடு வருவதில்லை. தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் அலையே சென்னைப் பகுதிக்கு நன்கு எட்டுகிறது. மேற்குக் கரையிலோ சூன் முதல் கொந்தளிப்பு மிகுவதால், பருவமழைக்கு முந்திய மாதங்களும் பிந்திய மாதங்களுமே ஏற்றவை.

வழிகாட்டியின் பணி

பொறுப்புள்ள வழிகாட்டி முதல் நாள் இரவே அறிக்கையைப் படித்து, இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொள்கிறார். காலையில் கரையில் அரைமணி நேரமாவது நின்று பார்க்கிறார். பேரலைகள் கூட்டமாக வந்து, இடையே கடல் அடங்குவது இயற்கை. ஐந்து நிமிடம் பார்த்தவர் அந்த அமைதியை மட்டுமே கண்டிருக்கக்கூடும். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் எங்கே ஓடுகிறது, எந்த வழியே நுழைவது, எந்த வழியே திரும்புவது, மீனவர் வலையும் படகும் எங்கே உள்ளன என்பனவற்றை விளக்கிய பின்னரே குழுவை இறக்குகிறார். வந்திருப்பவர்கள் தேர்ந்த வீரர்களே ஆயினும், அந்தக் கரைக்கு அவர்கள் புதியவர்கள். "இன்று வேண்டாம்" என்று சொல்லும் உரிமை வழிகாட்டிக்கு இருத்தல் வேண்டும்.

சிறிய அந்தமான் தீவு இதற்குத் தக்க சான்று. அதன் கரைகளில் எழும் அலைகள் தேர்ந்தவர்களை ஈர்ப்பவை. ஆயினும் பெரிய மருத்துவமனை, கப்பலில் பல மணி நேரத் தொலைவிலுள்ள ஸ்ரீ விஜயபுரத்தில்தான் (முன்னாள் போர்ட் பிளேர்) உள்ளது. உவர்நீர் முதலைகள் அங்கு வாழ்கின்றன. ஒங்கே பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் வெளியார் நுழைவது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. இவற்றை அறியாத ஒருவர், அலையை மட்டும் அறிந்து பயனில்லை.

இத்தகைய அறிவு கடலோரச் சிற்றூர்களில் முன்பே இருக்கிறது. கோவளத்தில் மீனவக் குடும்பத்து இளைஞர்களே பயிற்சியாளர்களாக உருவானது அதனை மெய்ப்பிக்கிறது. மீன்வளம் குன்றும் மாதங்களில் இது அவர்களுக்கு மாற்று வருவாய் தருகிறது. கடலில் தத்தளிப்பவரைக் காப்பாற்ற முதலில் பாய்பவர்களும் அவர்களே.

செய்ய வேண்டியவை

அன்றைய அலை உயரம், கால இடைவெளி, காற்று, ஓத நேரம் ஆகிய நான்கையும் உள்ளூர் மொழியில் எழுதிய கரும்பலகை ஒன்று ஒவ்வொரு கடற்கரையிலும் வைக்கப்படலாம். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. மீனவ இளைஞர்களுக்கு உயிர்காப்பு, முதலுதவி, அறிக்கை வாசிப்பு ஆகியவற்றில் பயிற்சியும் சான்றிதழும் அளிக்கப்பட்டால், வழிகாட்டிப் பயணங்களின் வருவாய் வெளியூர் நிறுவனங்களிடம் மட்டும் தங்காமல் கரையிலேயே தங்கும்.

மீனவரும் சறுக்கு வீரரும் சுற்றுலாப் பயணியும் ஒரே கடலின் முன் நிற்கின்றனர். ஹைதராபாத்தில் கணிக்கப்படும் எண்கள், கரையில் நிற்கும் அனைவருக்கும் புரியும் சொற்களாக மாறும் நாளில்தான் அச்சேவையின் பயன் முழுமை பெறும்.