பழைய மடிக்கணினியில் லினக்ஸ்: நிறுவலும் வைஃபை சிக்கல்களும்

"மடிக்கணினி பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும்" என்ற பேச்சை ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் விடுதியில் கேட்கலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்ட பிறகு இப்பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி பல பழைய கணினிகளில் இல்லை. ஆனால், அவற்றின் திரையும் விசைப்பலகையும் நன்றாகவே வேலை செய்கின்றன. பாடப் பதிவு முதல் இடுபணி ஒப்படைப்பு வரை எல்லாமே இணையத்தில் நடக்கும்போது, புதுக் கணினிக்குப் பணம் புரட்ட முடியாத மாணவர்களுக்கு லினக்ஸ் நல்லதொரு வழி.

லினக்ஸ் 1991இல் பின்லாந்து நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 21. உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் எனப் பல வடிவங்களில் அது இலவசமாகக் கிடைக்கிறது. விடுதி நண்பர்களின் சில கணினிகளில் இதை நிறுவிக் கொடுத்த அனுபவத்தைக் கொண்டு, அடிக்கடி எழும் சிக்கல்களையும் தீர்வுகளையும் இங்கே தொகுத்துள்ளேன்.

நிறுவும் முன்

முதல் வேலை, கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வைப்பது. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. வட்டில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கணினி 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். 2008ஆம் ஆண்டுவாக்கில் வந்த சிறிய நெட்புக் கணினிகள் பல 32 பிட் வகை. லினக்ஸ் மின்ட்டின் முதன்மைப் பதிப்பு 2020இல் 20ஆம் பதிப்போடு 32 பிட்டைக் கைவிட்டது. டெபியனும் 2025இல் வந்த 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியை நிறுத்திவிட்டது. 64 பிட் கணினியாக இருந்து, நினைவகம் 2 அல்லது 4 ஜிபி மட்டுமே என்றால், எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற இலகுவான மேசைத்தளம் உள்ள பதிப்பே ஏற்றது.

நிறுவலில் வரும் சிக்கல்கள்

பென்டிரைவிலிருந்து கணினி தொடங்கவே மறுப்பதுதான் பலரும் சந்திக்கும் முதல் தடை. பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பைச் சாதாரணக் கோப்புபோல் பென்டிரைவில் போட்டால் போதாது. ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருளைக் கொண்டு எழுத வேண்டும். அப்படி எழுதும்போது பென்டிரைவில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். பதிவிறக்கம் பாதியில் பழுதாகியிருந்தால் நிறுவல் எங்கோ நடுவில் நின்றுவிடும். முதல் கோணல் முற்றும் கோணல்! ஆகவே, பதிவிறக்கப் பக்கத்தில் தரப்படும் ஷா256 சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

விண்டோசையும் வைத்துக்கொள்ள விரும்புவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருந்தால் பென்டிரைவையும் அதே முறையில் தொடங்க வேண்டும். தொடக்கப் பட்டியலில் பென்டிரைவின் பெயர் இருமுறை தெரிந்தால், யூஇஎஃப்ஐ என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு, விண்டோசின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்துவிடுங்கள். அது கணினியை முழுமையாக மூடாமல் பாதித் தூக்கத்தில் வைக்கிறது. அந்நிலையில் விண்டோஸ் பகுதியில் எழுத லினக்ஸ் மறுக்கும்.

திரை கறுப்பாகவே நின்றால், பெரும்பாலும் வரைகலை அட்டையே காரணம். தொடக்கப் பட்டியலில் 'நோமோட்செட்' அல்லது 'கம்பாட்டிபிலிட்டி' எனும் தேர்வைக் கொண்டு தொடங்கிப் பாருங்கள்.

மிக முக்கியமான அறிவுரை இதுதான்: நிறுவுவதற்கு முன், பென்டிரைவிலிருந்தே லினக்சை இயக்கிப் பாருங்கள். ஒலி, திரை, வைஃபை எல்லாம் வேலை செய்கின்றனவா என்று வட்டைத் தொடாமலேயே தெரிந்துவிடும்.

வைஃபை ஏன் முரண்டு பிடிக்கிறது?

முதலாம் ஆண்டு மாணவி ஒருவர், அண்ணன் பயன்படுத்திய மடிக்கணினியைக் கொண்டுவந்தார். லினக்ஸ் சிக்கலின்றி அமர்ந்தது, ஆனால் வைஃபை பட்டியல் காலியாக இருந்தது. கணினிக் கடையில் அட்டையே போய்விட்டது என்றார்கள். பாடப் பதிவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. உண்மையில் அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

வைஃபை அட்டை இயங்க இரண்டு வேண்டும். ஒன்று, கெர்னலில் உள்ள இயக்கி. மற்றொன்று, அட்டைக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் எனும் சிறு நிரல். லினக்ஸ் இயக்கிகளில் பெரும்பாலானவை கட்டற்ற நிரல்கள். ஆனால், ஃபர்ம்வேர் அட்டையைத் தயாரித்தவரின் உடைமை. அதைப் பிறர் விநியோகிக்கச் சில நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. டெபியனும் 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்துதான் இத்தகைய ஃபர்ம்வேரைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவியில் சேர்க்கத் தொடங்கியது. அனுமதி இல்லாதவற்றை நாமே இணையத்திலிருந்து எடுக்க வேண்டும். வைஃபையைச் சரிசெய்ய இணையம் வேண்டும், இணையத்துக்கோ வைஃபை வேண்டும்!

இந்த முடிச்சை அவிழ்க்கும் கருவி நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, 'யூஎஸ்பி டெதரிங்' வசதியைத் திறந்தால், லினக்ஸ் அதைக் கம்பிவழி இணையமாக ஏற்றுக்கொள்ளும். அந்த மாணவியின் கணினிக்கும் அப்படித்தான் ஃபர்ம்வேர் கிடைத்தது. அன்று மாலையே அவர் விடுதி வைஃபையில் இணைந்தார்.

படிப்படியாகக் கண்டறிவோம்

நோய் தெரியாமல் மருந்து கொடுக்கக்கூடாது. இந்த வரிசையில் பாருங்கள்:

1. டெர்மினலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்ற கட்டளையை இடுங்கள். 'சாஃப்ட்' தடை என்றால் கட்டளையாலேயே நீக்கலாம். 'ஹார்ட்' தடை என்றால், கணினியின் ஓரத்தில் வைஃபை பொத்தான் இருக்கிறதா என்று தேடுங்கள்.

2. 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை 'என்என்கே' தேர்வுடன் இட்டால் அட்டையின் அடையாள எண்ணும், எந்த இயக்கி இயங்குகிறது என்பதும் தெரியும். 8086 என்று தொடங்கினால் இன்டெல், 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம். கணினியின் பெயரைவிட இந்த எண்ணைக் கொண்டு தேடினால்தான் சரியான விடை கிடைக்கும்.

3. உபுண்டு, மின்ட் ஆகியவற்றில் உள்ள இயக்கி மேலாளர், பொருத்தமான கூடுதல் இயக்கி இருந்தால் காட்டும். டெபியனில் அட்டைக்குரிய ஃபர்ம்வேர் பொதியை நிறுவ வேண்டும்.

4. இயக்கியை நிறுவியும் பயனில்லையா? 'செக்யூர் பூட்' திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கையொப்பமில்லாத இயக்கியை அது ஏற்றவிடாது. நிறுவும்போது கேட்கப்படும் கடவுச்சொல்லை, கணினி மீண்டும் தொடங்கும்போது நீலத் திரையில் தந்து அனுமதிக்க வேண்டும்.

5. கைப்பேசியில் தெரியும் வைஃபை கணினியில் மட்டும் தெரியவில்லை என்றால், அட்டை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்ததாக இருக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதற்குத் தெரியாது. இதற்கு இயக்கியை மாற்றிப் பயனில்லை.

இவ்வளவும் பார்த்தும் பலனில்லை என்றால், லினக்ஸ் ஆதரவுள்ள சிறிய யூஎஸ்பி வைஃபை கருவியை வாங்கலாம். புதுக் கணினி வாங்குவதைவிட அது எவ்வளவோ மலிவு.

தமிழில் எழுத

ஐபஸ், எம்17என் ஆகிய பொதிகளை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு முறையும் கிடைக்கும். இடுபணிகளுக்கு லிப்ரே ஆபிஸ் போதுமானது. ஆனால், உங்கள் துறையில் விண்டோசில் மட்டுமே இயங்கும் மென்பொருள் கட்டாயமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் விண்டோசையும் அருகில் வைத்திருப்பதே அறிவுடைமை.

நண்பர்களே, பழைய கணினி ஒன்று உங்கள் வீட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதை எழுப்ப ஒரு பென்டிரைவும் ஒரு மாலைப் பொழுதும் போதும். உங்களுக்குத் தேவையில்லை என்றாலும், அடுத்த பருவத்தில் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் தம்பி தங்கை யாருக்காவது அது உதவும்.