ஆட்டு ஈரலில் புழு... புற்றுநோய் வருமா?

தர்மபுரி மாவட்டத்தில் கிடா வெட்டு இல்லாமல் ஊர்த் திருவிழா முடியாது. வெட்டிய ஆட்டின் ஈரலை அறுக்கும்போது, சில சமயம் இலை போலத் தட்டையான புழுக்கள் வெளியே வரும். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் ஈரலைத் தொட மாட்டார்கள். ‘இந்தப் புழுதான் மனுஷனுக்குக் கேன்சரைக் கொண்டுவரும்’ என்ற பேச்சும் கூடவே கிளம்பும்.

ஈரல் புழுவால் புற்றுநோய் வருவது உண்மைதான். ஆனால், அது வேறு புழு.

பச்சை மீனில் வரும் ஆபத்து

தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியில், ஆற்று மீனையும் குளத்து மீனையும் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறு, மிளகாய் சேர்த்துச் சாப்பிடும் வழக்கம் உண்டு. ‘ஒபிஸ்தோர்கிஸ்’ என்ற தட்டைப்புழுவின் குஞ்சுகள் அந்த மீனின் சதையில் இருக்கும். எலுமிச்சைச் சாற்றுக்கு அவை சாகாது. வயிற்றுக்குள் போனதும் பித்தக் குழாயில் ஏறி, பல ஆண்டுகள் தங்கிப் புண்ணாக்கும். அந்தப் புண்தான் பிற்காலத்தில் பித்தக் குழாய்ப் புற்றுநோயாக மாறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 1994-ம் ஆண்டிலேயே இந்தப் புழுவைப் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. சீனா, கொரியா பக்கம் உள்ள இதன் உறவுக்காரப் புழுவை 2009-ல் சேர்த்தது.

ஒகேனக்கல் மீனைப் பற்றிப் பயம் வேண்டாம். அங்கே மீன் எண்ணெயில் பொரிகிறது, இல்லையென்றால் குழம்பில் கொதிக்கிறது. நன்றாக வெந்த மீனில் இந்தப் புழு உயிரோடு இருக்காது.

நம் ஆட்டில் இருப்பது எது?

நம் ஆடு மாடுகளின் ஈரலில் இருப்பது ‘ஃபேசியோலா’ என்ற தட்டைப்புழு. இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக நிரூபிக்கப்படவில்லை. இதன் முட்டை சாணம், புழுக்கை வழியாகத் தண்ணீருக்குப் போகும். அங்கே பொரிந்து, நத்தைக்குள் வளர்ந்து, பிறகு வெளியே வந்து புல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லை மேயும் ஆட்டுக்குத் தொற்றும். மனிதருக்கு அரிதாகத்தான் வரும். அதுவும் தண்ணீரில் வளரும் கீரை, தண்டுகளைப் பச்சையாகத் தின்பதாலும், குட்டைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிப்பதாலும் வரும். ஈரலைச் சமைத்துச் சாப்பிடுவதால் வராது. இருந்தாலும், புழு உள்ள ஈரலைக் குழி தோண்டிப் புதைத்துவிடுவது நல்லது.

இந்தப் புழுவால் நஷ்டம் ஆடு வளர்ப்பவருக்குத்தான். ஆடு மெலியும், கண் வெளுக்கும், தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கும், கவனிக்காவிட்டால் செத்தும் போகும். எனவே, ஏரி ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் நத்தை உள்ள ஈர நிலத்தில் மேய்ப்பதைத் தவிருங்கள். வாத்து வளர்த்தால் நத்தை குறையும். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் சாணம், புழுக்கையைப் பரிசோதித்து மருந்து கொடுங்கள். எல்லாக் குடற்புழு மருந்தும் தட்டைப்புழுவைக் கொல்லாது. மருத்துவரைக் கேட்டே வாங்குங்கள்.

கழிவு ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு வீசாதீர்கள். அவற்றில் நீர்க்கட்டி இருந்தால், வேறொரு புழு நாயின் குடலில் வளரும். அதன் முட்டை, நாயின் கழிவு மூலம் நம் வயிற்றுக்குள் போனால் ஈரலில் நீர்க்கட்டி வரும். அது புற்றுநோய் அல்ல. ஆனாலும் ஆபரேஷன் வரை இழுத்துவிடும்.

கவனிக்க வேண்டியது கடலைக் கொல்லையை

நம் ஊரில் ஈரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணங்கள் வேறு. ஒன்று, ஹெபடைடிஸ்-பி வைரஸ். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசம். அடுத்தது, குடிப்பழக்கம். மூன்றாவது, நிலக்கடலையில் பிடிக்கும் பூஞ்சணம். அது சுரக்கும் ‘அஃப்லாடாக்சின்’ நஞ்சு வறுத்தாலும் முழுதாக அழியாது. மாட்டுக்குப் போட்டால் பாலிலும் வரும்.

கடலையைப் பறித்ததும் குவித்து வைக்காமல் உடனே காய வைக்க வேண்டும். ஈரப்பதம் 8 சதவிகிதத்துக்குக் குறைந்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, உடைந்த பருப்பைப் பொறுக்கித் தனியே எடுத்துவிடுங்கள். ‘வீணாகிறதே’ என்று அதைக் குழந்தைக்கோ மாட்டுக்கோ கொடுக்காதீர்கள். எண்ணெய் ஆட்டவும் வேண்டாம், நஞ்சு பிண்ணாக்கில் தங்கிவிடும்.